பதினெட்டு கிராம்

எலிகளை எடை போடுவதற்கென்று ஒரு மனிதருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. அவருடைய மாமனாரும் நம்பவில்லை. கல்யாணப் பேச்சின்போது "விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பத்தாம் நாள் வேலைக்குக் கிளம்பிய மாப்பிள்ளையின் சைக்கிளில் இருபது எலிப்பொறிகள் தொங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் யோசிச்சுப் பாத்திருப்பேன்" என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. யோசிக்க அவளுக்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கவில்லை.

நிலையத்தில் எல்லோரும் அவரை எடைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரைக்கும் அதே பெயர்தான். அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். காய்கறிக் கடையில் வெங்காயத்தைக் கையில் அள்ளி, "அறுநூத்தி நாப்பது" என்பார். கடைக்காரர் தராசில் போட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அப்படி ஒரு கை அது. அந்தக் கைதான் பிற்பாடு அவரைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கையின்மேல் பழி போடுவது நியாயமில்லை. கை சரியாகத்தான் சொன்னது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் அந்த நிலையத்துக்குப் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். பேச்சு மெதுவாக இருக்கும், வேலையில் கறார். ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்: வயல் எலிக்குட்டிகள் எந்தப் பருவத்தில் வேகமாக வளர்கின்றன? வெயிலிலா, மழையிலா, கதிர் முற்றும்போதா? அது தெரிந்துவிட்டால் எலிகள் பெருகும் முன்னாலேயே எப்போது அடிக்கலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லிவிடலாம். இரண்டு வருடம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அறுபது பொறி.

வேலை இப்படித்தான். சாயங்காலம் வரப்புகளில் பொறி வைப்பார். விடிந்ததும் வெயில் ஏறும் முன் போய்ப் பொறியின் வாயைத் துணிப்பைக்குள் திறந்துவிடுவார். எலி பைக்குள் போனதும் பையின் கழுத்தை முறுக்கி, கையில் பிடிக்கும் ஸ்பிரிங் தராசில் மாட்டித் தொங்கவிடுவார். முள் நிற்கும் இடம் பையும் எலியும் சேர்ந்த எடை. பிறகு வால், பின்னங்கால் நீளம், ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்த்து, காதில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். கடைசியாக வெறும் பையை மாட்டி அதன் எடையையும் எடுக்க வேண்டும். அதைக் கழித்தால் எலியின் எடை.

"ஒவ்வொரு எலிக்கும் வெறும் பையைத் தனியா எடை போடுங்க" என்று அந்த ஆய்வாளர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்கென்று படிவத்தில் தனிக் கட்டமே இருந்தது.

எடைக்காரர் முதல் பத்து எலிக்கு அப்படியே செய்தார். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. பத்துத் தடவையும் பதினெட்டு கிராம். பதினோராவது எலிக்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பை என்ன சாப்பிட்டுப் பெருக்கவா போகிறது? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மீதிப் படிவங்களை எடுத்து, அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் பதினெட்டு, பதினெட்டு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கான படிவங்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, மனைவி ஊற்றிக்கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே எழுதினார். நல்ல கையெழுத்து வேறு.

வெயில் காலத்தில் அதனால் ஒரு கேடும் வரவில்லை. மழை பிடித்தது. கெட்டியான பருத்திப் பை, வரப்புச் சேறு, தலையில் பிளாஸ்டிக் தாள், விறைத்த விரல்கள். காதில் வெட்டு வாங்கிய குட்டிகள் பதினைந்து நாள் கழித்துத் திரும்பவும் மாட்டும்போது, தராசு அவற்றுக்குப் பதினைந்து இருபது கிராம் கூட்டிக் காட்டியது. ஐம்பது கிராம் குட்டிக்கு அது அசுர வளர்ச்சி. பையோடு பிடித்து எலியைத் தடவிப் பார்க்கும்போது அவருடைய கை, "இது லேசா இருக்கே" என்று சொல்லத்தான் செய்தது. விலா எலும்பு விரலில் தட்டுப்பட்டது. ஆனால் முள் வேறு சொன்னது. குளிரில் கை மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் முள் காட்டியதை எழுதினார்.

அப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

இரண்டாவது மழைக்காலத்தின் கடைசிச் சுற்று. கிட்டத்தட்ட வேலை முடிந்த மாதிரிதான். வரப்போரம் நின்று ஒரு குட்டியைத் தராசில் தொங்கவிட்டு எடையை எழுதிக்கொண்டிருந்தார். எண்பத்தொன்று. அந்த நேரம் பார்த்துப் பையின் மூலைத் தையல் விட்டுக்கொண்டது. குட்டி பொத்தென்று சேற்றில் விழுந்து, அவருடைய செருப்பின் மேலேயே ஏறி ஓடியது. சனியன் என்று திட்டிக்கொண்டே தராசைப் பார்த்தார். எலி இல்லாத வெறும் பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முள் முப்பத்தேழில் நின்றது.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார், அதைத்தான் விரும்பினார். பையைக் கழற்றினார், முள் பூஜ்யத்துக்குப் போனது. மாட்டினார், முப்பத்தேழு. பையைப் பிழிந்தார், தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. மாட்டினார், இருபத்தாறு. அந்த மழையில் அவருக்கு வியர்த்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். அடுத்த வாரம் நிலையத்தில் கூட்டம், மேடம் முடிவுகளை வாசிக்கப்போகிறார், அதற்கு முன்னால் சொல்லிவிடலாம். அன்று காலை அவர் போனபோது மேடத்தைச் சுற்றி ஆட்கள். சரி, முடிந்ததும் சொல்லலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் வரைபடம் வந்தது. மழை மாதங்களில் கோடு விர்ரென்று மேலே ஏறியது. வந்திருந்த பெரிய மனிதர்கள் "இது புதுசா இருக்கே" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சின் முடிவில் மேடம் அவரைக் கை காட்டி எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதுல இருக்கிற ஒவ்வொரு எண்ணும் இவர் மழையில நனைஞ்சு எடுத்தது. இவர் இல்லைன்னா இந்த வேலையே இல்லை."

மண்டபம் முழுவதும் கை தட்டியது. இயக்குநரும் தட்டினார். எடைக்காரர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாய் திறக்கவில்லை. பதினைந்து கிராமில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோழை என்று அவரை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். சொல்வதற்குத்தான் யாரும் இல்லை.

நான்கு மாதம் கழித்துத் துண்டறிக்கை வந்தது. மழையில் எலிக்குட்டிகள் வேகமாக வளர்ந்துவிடுகின்றன, ஆகவே மழை பிடித்து நாற்பது நாளுக்குள் ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் மருந்து வைத்துவிடுங்கள், கதிர் வரும்போது மறுபடி வைக்க வேண்டியதில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கொழுத்த எலியின் படம்.

எடைக்காரரின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது நெல் விளைகிற ஊரில். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அவருடைய மாமா, எதையும் பாதியாகச் செய்யாத மனிதர். நிலையத்துக்கே நேரில் வந்து இருநூறு துண்டறிக்கைகளை வாங்கிக்கொண்டு போனார். வீடு வீடாகக் கொடுத்தார். "என் மச்சான் எடை போட்ட எலி இது. அவன் ஒரு கிராம் தப்பா எழுதமாட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லி, நாற்பது வீட்டாரையும் ஒரே வாரத்தில் மருந்து வைக்கவைத்தார். இதெல்லாம் அக்கா போனில் பெருமையாகச் சொன்னது. மருந்து வைத்து முடித்தாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போதும் அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போ. மாமா சரியா சாப்பிடுறதில்லை."

காலை பஸ்ஸில் போய் இறங்கினார். பாதையிலிருந்து பார்த்தால் வயல் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்துப் பயிர் நிமிர்ந்து நின்றது. வயல் எலிக்கு அந்தப் புத்தி உண்டு, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில்தான் வெட்டும். நான்கு எட்டு உள்ளே வைத்ததும் கால் கூசியது. தண்டுகள் எல்லாம் கத்தியால் சாய்த்து அரிந்தது போல் கிடந்தன. கதிர்கள் பால் பிடித்த நிலையிலேயே காய்ந்திருந்தன. மாமா ஒரு வளையைத் தோண்டிக் காட்டினார். உள்ளே ஒரு தாய் எலியும் ஒன்பது குட்டிகளும்.

"மழையிலயே எல்லாம் செத்துச்சுன்னுதானே இருந்தோம்? எங்கிருந்து வந்துச்சு இத்தனை?"

எங்கிருந்தும் வரவில்லை என்று எடைக்காரருக்குத் தெரியும். மழையில் அவை மெலிந்து, வளராமல், வெள்ளம் எட்டாத மேட்டு வளைகளில் ஒடுங்கிக் கிடந்திருக்கின்றன. வரப்பில் நனைந்த மருந்தைத் தின்ன வெளியேகூட வரவில்லை. கதிர் பால் பிடித்ததும் தின்று, தேறி, குட்டி போட்டிருக்கின்றன. அடிக்க வேண்டிய நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஊரே கையைக் கட்டிக்கொண்டு இருந்தது, தேவையில்லை என்று தாளில் போட்டிருந்ததால்.

"உன் தாள் மேல தப்பில்லை மச்சான்" என்றார் மாமா. "நாங்கதான் மருந்தைச் சரியா வைக்கலை. எவனோ கஞ்சத்தனம் பண்ணியிருக்கான். நேத்துக்கூடக் கூட்டத்துல எல்லாரையும் நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். மேட்டு வயல்காரம்மா மொதல்லயிருந்தே முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு, மழையில குட்டியெல்லாம் எலும்பும் தோலுமா இருக்குன்னு. படிச்சவங்க எடை போட்டுச் சொல்றாங்க, நீ வந்துட்டியான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

மாமாவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, விரலில் தட்டுப்பட்ட அந்த விலா எலும்புகளை நினைத்தார். அன்றைக்கும் சொல்லவில்லை. அக்கா வைத்த சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வீட்டில் மூன்று நாள் அவர் யாருடனும் பேசவில்லை. நான்காம் நாள் காலை மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எலி கடிச்சுருச்சா? இல்லை, வேற ஏதாவதா?"

எல்லாவற்றையும் கொட்டினார். தையல் விட்டது, முப்பத்தேழு, கை தட்டியது, அக்கா ஊர் வயல், மாமா. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வெறும் பையை எடை போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷமா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேடத்தின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் நிறையக் கோப்புகள். நின்றுகொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் மேடம் அலமாரியைத் திறந்து படிவக் கட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். பக்கத்துக்குப் பக்கம் அழகான கையெழுத்தில் பதினெட்டு நின்றது. ரொம்ப நேரம் புரட்டினார்.

"இதை நானும் பாத்தேன்" என்றார் கடைசியில். "மொத மாசமே பாத்தேன். எல்லாம் ஒரே எண்ணா இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. வந்து கேட்டிருக்கணும். அப்புறம் வரைபடம் நல்லா வந்துச்சு. கேக்கலை."

"இப்போ சரிபண்ண முடியாதா மேடம்? ஒரு பதினஞ்சைக் கழிச்சு..."

"எந்த நாள் எவ்வளவு நனைஞ்சிருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு ஈரம். மேடம் சிவப்பு மையில் மழை மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்தார். இரண்டு வருட நனைவு. அடித்து முடித்ததும் அவருடைய கண் கலங்கியிருந்தது. துண்டறிக்கையைத் திரும்பப் பெறும்படி இயக்குநருக்கு இன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார்.

"நிலையத்தோட தவறுன்னுதான் போகும். உங்க பேர் எங்கயும் வராது. பயப்படாதீங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். எடைக்காரருக்கு அது அடி மாதிரி விழுந்தது. கை தட்டலுக்குப் பெயர் இருந்தது, தப்புக்குப் பெயர் இல்லை என்றால் எப்படி? வெளியே வந்து சைக்கிளை நிலையத்திலேயே விட்டுவிட்டு, அக்கா ஊர் பஸ்ஸில் ஏறினார்.

மாமா வீட்டுக் கொட்டகையில் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் அத்தனை சாக்குக்கு வேலையில்லை என்று தெரிந்தும் தைத்துக்கொண்டிருந்தார். எடைக்காரர் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, மருந்து வைச்சதுல ஒரு தப்பும் இல்லை. தாள்தான் தப்பு. நான்தான் தப்பா எழுதினேன்."

பையின் கதையைக் கேட்கக் கேட்க மாமாவின் ஊசி நின்றது. அக்கா கதவோரம் வந்து நின்றாள். மாமா ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"தாள் அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். நீ, உன் என்று பேசிப் பழகிய மனிதர் அதன் பிறகு சொன்னதுதான் எடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நீங்க வந்து சொல்லிட்டீங்க. உங்க பாரம் இறங்கிடுச்சு. நான் இந்த ஊர்ல நாப்பது வீட்டைக் கஞ்சனுங்கன்னு பேசியிருக்கேன். ஒரு பொம்பளையை எல்லார் முன்னாடியும் சிரிக்க வச்சிருக்கேன். எந்திரிங்க. மொதல்ல அங்க போவோம்."

மேட்டு வயல்காரம்மா என்பவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் தனியாகவே பயிர் வைத்து வந்தார். அவருடைய வயல்தான் ஊரிலேயே உயரமானது. மழையில் எல்லா எலியும் அங்கேதான் ஏறியிருக்கும். போனபோது அவர் எலி வெட்டிய நெல் தண்டுகளை மாட்டுக்கென்று அரிந்து கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி" என்றார் மாமா. "நீ சொன்னதுதான் சரி. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிரும்மா."

எடைக்காரர் தன் பங்கைச் சொன்னார். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிட்டது. தப்பைச் சொல்லிச் சொல்லி அது சின்னதாகிவிட்டதோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

அந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்தார்.

"நீங்க பேசினதுல எனக்கு ஒண்ணுமில்லைண்ணே" என்றார் மாமாவிடம். பிறகு எடைக்காரரைப் பார்த்தார். "மழையில வரப்பு உடைஞ்சு அடைக்கும்போது என் கையாலயே வளையைத் தோண்டினேன். குட்டிங்க எலும்பா இருந்துச்சு, நடக்கக்கூடத் தெம்பில்லை. இது இப்போ மருந்து திங்காது, கதிர் வரும்போது வைச்சுக்கலாம்னுதான் மருந்தை எடுத்து வச்சிருந்தேன். அப்புறம் உங்க தாளைப் படிச்சேன். ரெண்டு வருஷம் எடை போட்டவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு, வச்சிருந்த மருந்தையெல்லாம் மழையிலயே கொண்டுபோய்க் கொட்டிட்டேன். என் கண்ணு பாத்ததை நானே நம்பலை."

வயலின் நடுவில் கீச்சென்று எதுவோ கத்தி அடங்கியது.

"போகட்டும்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அடுத்த வருடத்துக்கு வழி தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது. "நிஜமா மழையில அதுங்க எவ்வளவுதான் வளருது? அதையாவது சொல்லுங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

மாமாவும் அவருடைய முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் எலிகளை எடை போட்டவர், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்றார்.